ஷெர்ரி பீப்பாயில் முடித்த ஐரிஷ் விஸ்கியை எப்படிச் சுவைப்பது?

நண்பர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. டப்ளினில் வேலை பார்க்கும் மச்சான் ஊருக்கு வந்தபோது ‘ஹைட் நம்பர் 6’ என்ற ஐரிஷ் விஸ்கியைப் பரிசாகக் கொடுத்தாராம். லிமிடெட் எடிஷன், பிளெண்டட், ஷெர்ரி கேஸ்க் ஃபினிஷ் என்று மூன்று விஷயங்கள் அதைப் பற்றிச் சொல்லப்படுகின்றன. “ஷெர்ரி ஒயினை இதில் கலந்திருக்கிறார்களா? பிளெண்டட் என்றால் தரம் குறைவா? நல்ல சரக்கு என்கிறார்கள், எப்படிக் குடித்தால் அது தெரியும்?” என்று கேட்கிறார்.

நான் அயர்லாந்தின் கார்க் பக்கம் குடியேறிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. இந்த பாட்டிலை வெளியிடுபவர்களும் கார்க் பக்கத்துக்காரர்கள்தான். இரண்டு பாட்டில்களை மாதக்கணக்கில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துப் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஒயின் கலக்கவில்லை. கலக்கவும் முடியாது. ஐரிஷ் விஸ்கிக்கான சட்டம் தண்ணீரையும், நிறத்துக்காகச் சாதாரணக் கேரமலையும் தவிர வேறு எதையும் சேர்க்க விடுவதில்லை. தானியத்திலிருந்து வடித்ததை அயர்லாந்துத் தீவுக்குள்ளேயே, 700 லிட்டருக்கு மேற்படாத மரப்பீப்பாயில், குறைந்தது 3 வருடம் ஊற வைக்க வேண்டும். பாட்டிலில் அடைக்கும்போது ஆல்கஹால் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. ஷெர்ரி உள்ளே வருவது மரம் வழியாகத்தான். மீன் குழம்பு வைத்துப் பழக்கிய மண்சட்டியை எத்தனை முறை கழுவினாலும் அடுத்த குழம்பில் அதன் ருசி இறங்கும் இல்லையா, அதே கதைதான். ஷெர்ரி இருந்த பீப்பாயின் பலகைகள் லிட்டர் கணக்கில் ஒயினை உறிஞ்சி வைத்திருக்கும். அதில் விஸ்கியை ஊற்றினால், மரத்திலிருந்து ஒயின் கொஞ்சம் வெளியே வரும், விஸ்கி கொஞ்சம் உள்ளே போகும்.

ஷெர்ரி என்றதும் இனிப்பு ஒயின் என்று நினைத்துக்கொள்கிறோம். அங்கேதான் முதல் குழப்பம். ஸ்பெயினின் தெற்கே ஹெரெஸ், சன்லூக்கர், எல் புவெர்தோ என்ற மூன்று ஊர்களைச் சுற்றி உருவாகும் வெள்ளை ஒயின் அது. பெரும்பாலும் பலோமினோ என்ற வெள்ளைத் திராட்சை. இதில் ஃபினோ வகை, ஈஸ்ட் படர்ந்த ஒரு மெல்லிய ஏட்டின் கீழே காற்றுப் படாமல் வளரும். ஒலொரோசோ வகைக்கு ஆல்கஹாலை 17 சதவீதத்துக்கு ஏற்றிவிடுவார்கள். அந்த அளவில் ஈஸ்ட் பிழைக்காது. ஏடு இல்லாததால் ஒயின் காற்றோடு பழகி, வருடங்கள் போகப் போகக் கருந்தேன் நிறத்துக்கு வரும். ஐரிஷ் விஸ்கிக்காரர்கள் அதிகம் தேடுவது இந்த ஒலொரோசோ பீப்பாய்களைத்தான். அந்த ஒயினில் இனிப்பு கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அக்ரூட் பருப்பு, காய்ந்த ஆரஞ்சுத் தோல், பழைய தேக்கு அலமாரியைத் திறந்தால் வரும் வாசம், நாக்கில் வறட்சி. இனிப்பான ஷெர்ரியும் உண்டு: பேத்ரோ ஹிமேனெஸ் என்ற திராட்சையை வெயிலில் காயப்போட்டுப் பிழிவது, கருப்பட்டிப் பாகு மாதிரி கெட்டியாக இருக்கும். இரண்டையும் ஒன்றாக நினைத்துவிட்டால் விஸ்கியில் தவறானதைத் தேடிக்கொண்டிருப்போம்.

ஒருமுறை ஹெரெஸ் போயிருந்தேன். அங்கே ஒயின் கிடங்குகளைப் பொதேகா என்பார்கள். உயரமான கூரை, மண் தரை, பகலிலும் அரை இருட்டு. மூன்று நான்கு வரிசையாகக் கறுப்புப் பூசிய பீப்பாய்கள். உள்ளே நுழைந்ததும் வந்த வாசத்தை எங்கேயோ தெரியும் என்று தோன்றியதே தவிர, எங்கே என்று பிடிபடவில்லை. ஒலொரோசோவைக் கையில் கொடுத்த பிறகுதான் சட்டென்று நினைவு வந்தது. வெந்தயம். வாணலியில் லேசாக வறுபட்ட வெந்தயம். அப்புறம் படித்துப் பார்த்தபோது அது என் மூக்கின் கற்பனை இல்லை என்று தெரிந்தது. சோட்டலோன் என்ற ஒரு சேர்மம்தான் வெந்தயத்தின் மணத்துக்குக் காரணம். அதே சேர்மம் காற்றோடு பழகி முதிர்ந்த ஷெர்ரியிலும் இருக்கிறது. இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு, பின்னால் வருகிறேன்.

அந்தக் கிடங்கில் நிற்கும் பழைய பீப்பாய்கள்தான் விஸ்கிக்கு வருகின்றன என்று நினைத்தால் அதுவும் சரியில்லை. அவை தலைமுறை தலைமுறையாக ஒயினுக்கே உழைப்பவை. மரத்தின் சாரம் என்றோ இறங்கி முடிந்திருக்கும், லேசில் விற்கவும் மாட்டார்கள். முன்பு விஸ்கிக்குக் கிடைத்தவை ஷெர்ரியை ஏற்றுமதி செய்யப் பயன்பட்ட பீப்பாய்கள். பிரிட்டன், அயர்லாந்துத் துறைமுகங்களில் ஒயினை இறக்கிய பின் காலியானவை. 1980களில் ஸ்பெயின் ஷெர்ரியைத் தன் ஊரிலேயே பாட்டிலில் அடைத்து அனுப்பத் தொடங்கியதும் அந்த வரத்து நின்றுபோனது. இப்போது வருபவை பெரும்பாலும் விஸ்கிக்காகவே செய்து, ஷெர்ரி ஊற்றிப் பழக்கிய பீப்பாய்கள். ஷெர்ரி கட்டுப்பாட்டுக் கழகம் இதற்கு விதிமுறையே வைத்திருக்கிறது. ஒரு வருடமாவது ஒயின் உள்ளே இருக்க வேண்டும். இதை ஏமாற்று வேலை என்று சிலர் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சமையலுக்கு வாங்கும் சட்டியைப் பழக்கித்தானே அடுப்பில் வைக்கிறோம்.

அயர்லாந்தில் ஷெர்ரி பீப்பாய் புதுசாக வந்த விளம்பர உத்தியும் இல்லை. அந்தக் காலத்தில் பல விஸ்கி ஆலைகள் வடிப்பதோடு நிறுத்திக்கொள்ளும். ஒயின் வியாபாரிகள் தங்கள் கடையில் காலியான ஷெர்ரி, போர்ட் பீப்பாய்களை ஆலைக்கு அனுப்பி, புதிதாய் வடித்ததை நிரப்பி வாங்கி, தங்கள் நிலவறையில் ஊற வைத்து விற்பார்கள். பாண்டர் என்று பெயர். டப்ளினில் 1805இல் தொடங்கிய மிட்செல் குடும்பக் கடை அப்படித்தான் ஜேம்சன் ஆலையிலிருந்து நிரப்பி வந்தது. எந்தப் பீப்பாய்க்கு எத்தனை வயது என்று தெரிய, மேலே ஒரு சொட்டு வர்ணம் தடவி வைப்பார்கள்: நீலம் 7 வருடம், பச்சை 10, மஞ்சள் 12, சிவப்பு 15. இன்றைக்கு கிரீன் ஸ்பாட், யெல்லோ ஸ்பாட் என்று விற்கும் விஸ்கிகளின் பெயர் அங்கிருந்து வந்ததுதான். ரெட்பிரெஸ்ட் என்ற புகழ்பெற்ற பெயரும் கில்பி என்ற ஒயின் வியாபாரக் குடும்பத்திடமிருந்து வந்தது. ஹைட்காரர்களும் இந்த வழியில் வருபவர்கள்தான். வேறு ஆலையில் வடித்ததை வாங்கி, தாங்கள் தேர்ந்த பீப்பாயில் ஊற வைத்து வெளியிடுகிறார்கள். பெயர், 1938இல் அயர்லாந்தின் முதல் ஜனாதிபதியான டக்ளஸ் ஹைடின் நினைவாக. அழிந்துகொண்டிருந்த ஐரிஷ் மொழிக்காக 1893இல் கேலிக் லீக் என்ற இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் அவர். மொழிக்காக நின்ற ஒருவரின் பெயரை பாட்டிலில் பார்க்கும்போது எனக்கு ஒரு நெருக்கம் வரத்தான் செய்கிறது.

சரி, ‘ஃபினிஷ்’ என்ற வார்த்தைக்கு வருவோம். விஸ்கி வருடக்கணக்கில் வேறொரு பீப்பாயில் ஊறிவிட்டு, கடைசியில் கொஞ்ச காலம் மட்டும் ஷெர்ரி பீப்பாய்க்கு மாறுவது ஃபினிஷ். முதல் பீப்பாய் பெரும்பாலும் அமெரிக்காவின் பர்பன் விஸ்கி இருந்த பீப்பாயாக இருக்கும். அங்கே பர்பனுக்குப் புதிய, உட்புறம் கருக்கிய ஓக் பீப்பாயைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது சட்டம், அதனால் ஒருமுறை பயன்பட்டவை ஏராளமாக வெளியே வரும். ஃபினிஷுக்குக் குறைந்தது இத்தனை மாதம் என்று சட்டம் எதுவும் சொல்லவில்லை. சில மாதமும் இருக்கலாம், ஒன்றிரண்டு வருடமும் இருக்கலாம். சமையலில் கடைசியாகத் தாளித்துக் கொட்டுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். தாளிப்பு நன்றாக அமைந்தால் குழம்பே உயர்ந்துவிடும். குழம்பு சரியில்லாதபோது தாளிப்பைக் கூட்டி மறைக்கவும் முடியும். ஷெர்ரி ஃபினிஷ் விஸ்கி எதைச் சுவைத்தாலும் நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி இது ஒன்றுதான்: தாளிப்புக்குக் கீழே குழம்பு தெரிகிறதா?

பிளெண்டட் என்ற வார்த்தையைக் கண்டு நீங்கள் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. இந்தியாவில் விஸ்கி என்று விற்பதில் பெரும்பகுதி வெல்லப்பாகுக் கழிவிலிருந்து வடித்த ஆல்கஹாலில் கொஞ்சம் மால்ட் சேர்த்தது. ஐரோப்பாவில் அதை விஸ்கி என்ற பெயரில் விற்க முடியாது. அயர்லாந்தில் பிளெண்டட் என்பதற்கு அர்த்தமே வேறு. அங்கே மால்ட், பாட் ஸ்டில், கிரெய்ன் என்று மூன்று வகை விஸ்கிகள். மால்ட் முழுக்க முளைகட்டிய பார்லி. பாட் ஸ்டில்லில் முளைகட்டியதும் முளைகட்டாததும் சேர்ந்து செப்புக் கொப்பரையில் வடிபடும், எண்ணெய்ப் பிசுக்கும் மசாலாக் காரமும் தரும், இது அயர்லாந்துக்கே உரியது. கிரெய்ன் பெரும்பாலும் மக்காச்சோளம், உயரமான தூண் வடிவக் கலனில் வடிப்பது, லேசாக இருக்கும். இதில் இரண்டோ மூன்றோ கலந்தால் பிளெண்டட். கலப்பது எல்லாமே தானியம், எல்லாமே 3 வருடமாவது மரத்தில் இருந்தவை. வேடிக்கை என்னவென்றால், அந்தத் தூண் வடிகலனுக்கு 1830இல் காப்புரிமை வாங்கிய ஈனியஸ் காஃபி அயர்லாந்துக்காரர், கலால் துறை அதிகாரியாக இருந்தவர். டப்ளினின் பெரிய ஆலைகள் அதை ஏற்கவில்லை, ஸ்காட்லாந்துக்காரர்கள் எடுத்துக்கொண்டு உலகச் சந்தையைப் பிடித்தார்கள்.

உங்கள் பாட்டிலில் இருப்பது 18 வருட மால்ட்டும் 8 வருட கிரெய்னும். இப்படிக் கலந்தால், லேபிளில் வயது போடுவதாக இருந்தால் இளையதன் வயதைத்தான் போடலாம் என்பது சட்டம். அதாவது 8. அதனால்தான் பல நல்ல பிளெண்டட் விஸ்கிகள் வயதே போடாமல் வருகின்றன. அந்த 18 வருட மால்ட் எங்கே வடித்தது? ஆலையின் பெயரைச் சொல்லாவிட்டாலும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஹைட் விஸ்கிகள் சந்தைக்கு வந்தது 2010களில். அப்போதே 18 வயது என்றால் 1990களில் வடித்திருக்க வேண்டும். ஐரிஷ் விஸ்கித் தொழில் கிட்டத்தட்ட அழிந்து, 1970களின் நடுவில் தீவு முழுக்க மிடில்டன், புஷ்மில்ஸ் என்று இரண்டே ஆலைகள்தான் மிஞ்சியிருந்தன. 1987இல் ஜான் டீலிங் கூலி ஆலையைத் தொடங்கினார். 1990கள் முழுக்க இந்த மூன்றுதான். மிடில்டனின் பலம் பாட் ஸ்டில்லும் கிரெய்னும். ஆகவே அந்த மால்ட் புஷ்மில்ஸ் அல்லது கூலியில் பிறந்திருக்கவே வாய்ப்பு அதிகம். இன்றைக்கு அயர்லாந்தில் நாற்பதுக்கும் மேல் ஆலைகள் இருக்கின்றன, ஆனால் 1990களை யாரும் திரும்ப வடிக்க முடியாது. எனக்கு இந்த பாட்டிலின் மதிப்பு அதில்தான் இருக்கிறது.

‘லிமிடெட் எடிஷன்’ என்பதற்குச் சட்டத்தில் வரையறை இல்லை, அதை மட்டும் நம்பி அதிக விலை கொடுக்காதீர்கள். பீப்பாய் எத்தனை, பாட்டில் எத்தனை என்று தெளிவாகச் சொல்பவர்களை நம்பலாம்.

இனிச் சுவைப்பது. பாட்டிலில் ஆல்கஹால் 46 சதவீதம். இந்த எண் சும்மா வைத்தது இல்லை. விஸ்கியில் இருக்கும் கொழுப்பு அமிலச் சேர்மங்கள் 46க்குக் கீழே, குளிரிலோ தண்ணீரிலோ கலங்கலாகத் தெரியும். பார்வைக்குத் தெளிவாக இருக்கட்டும் என்று பல நிறுவனங்கள் குளிர வைத்து அவற்றை வடிகட்டிவிடும், அதோடு வாயில் தங்கும் அந்த வழுவழுப்பும் கொஞ்சம் போய்விடும். 46இல் அந்த அவசியம் இல்லை. ஐஸ் போட்டு உங்கள் கிளாஸ் கலங்கினால் பயப்பட வேண்டாம், கலப்படம் இல்லை.

ஆனால் முதல் நாள் ஐஸ் வேண்டாம். வயிறு கீழே அகன்று வாய் குறுகிய கிளாஸ் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். கிளென்கேர்ன் என்று ஒரு விஸ்கி கிளாஸ் கிடைக்கும். இல்லையென்றால் சின்ன ஒயின் கிளாஸே போதும். 20 மில்லி ஊற்றுங்கள், அதற்கு மேல் தேவையில்லை. சாப்பிட்டு உடனே உட்கார வேண்டாம், பசியோடும் வேண்டாம். ஊதுபத்தி, சமையல் வாசம் இல்லாத அறையாக இருக்கட்டும். நம் ஊர்க் கோடையில் அறையே 33, 34 டிகிரி இருக்கும், ஆல்கஹால் ஆவி முந்திக்கொண்டு மூக்கில் அடிக்கும். பாட்டிலைப் பத்து நிமிடம் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் வைத்து எடுத்தால் சரியாகிவிடும். நிறத்தைப் பார்த்து ரசியுங்கள், ஆனால் அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். கேரமல் அனுமதிக்கப்பட்டது என்று சொன்னேன் இல்லையா.

ஊற்றியதும் கிளாஸைப் பத்து நிமிடம் அப்படியே விட்டுவிடுங்கள். ஊற்றிய கையோடு குடிப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. அப்புறம் மூக்கை உள்ளே விடாமல், விளிம்புக்கு மேலே வைத்து, வாயை லேசாகத் திறந்தபடி மெதுவாக முகருங்கள். வாய் திறந்திருந்தால் ஆல்கஹாலின் குத்தல் பாதி குறையும்.

இங்கேதான் வெந்தயக் கதை உதவும். ஆங்கிலத்தில் இவ்வகை விஸ்கிகளுக்குச் சுவைக் குறிப்பு எழுதுகிறவர்கள் கிறிஸ்துமஸ் புட்டிங், டாஃபி, மர்மலேட் என்று எழுதுவார்கள். அதைப் படித்துவிட்டு நாம் நமக்குப் பழக்கமில்லாததைக் கிளாஸில் தேடுகிறோம், கிடைக்காதபோது நம் மூக்கு சரியில்லை என்று முடிவு கட்டுகிறோம். நம் மூக்கு மிகச் சரியாக இருக்கிறது. இந்த விஸ்கியின் வாசனைகளை நாம் சிறுவயதிலிருந்தே அடுக்களையில் முகர்ந்து வளர்ந்திருக்கிறோம். ஓக் மரம் தருகிற முக்கியமான வாசங்களில் ஒன்று யூஜெனால், கிராம்பின் மணமே அதுதான். அமெரிக்க ஓக்கில் லாக்டோன் என்ற சேர்மம் அதிகம், அது துருவிய தேங்காயின் வாசம். மரத்தைச் சூடாக்கும்போது வரும் வெனிலின், வெனிலா. ஒலொரோசோவின் சோட்டலோன், வெந்தயம். கிராம்பு, தேங்காய், வெந்தயம் என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள், பிடிபடும்.

எனக்கு முதலில் வருவது உலர்திராட்சை, அதற்கு அடுத்து அத்திப்பழம். இது ஷெர்ரி. ஓரிரு நிமிடம் கழித்து, அதற்குக் கீழே தேனும் துருவிய தேங்காயும். இது முதல் பீப்பாயின் குரல். இன்னும் பொறுத்தால் பழுத்த பேரிக்காயும், லேசாக வறுத்த பார்லி மாவும் வரும். மால்ட் தன்னைக் காட்டுகிற இடம் அது. அந்தப் பார்லி வாசம் வந்தபோதுதான் எனக்கு இந்த பாட்டில் பிடித்தது. ஷெர்ரி மேலே உட்கார்ந்து அமுக்கவில்லை.

முதல் வாய் கணக்கில் சேராது. நாக்கு ஆல்கஹாலுக்குப் பழகட்டும் என்று ஒரு துளி வைத்து விழுங்குங்கள், அதைப் பற்றி யோசிக்காதீர்கள். இரண்டாவது வாய் அரைத் தேக்கரண்டி அளவு. உடனே விழுங்காமல், நாக்கின் மேல் பரவ விட்டு, ஏழெட்டு நொடி வைத்திருங்கள். விழுங்கிய பிறகு வாயை மூடி மூக்கு வழியாக மூச்சு விடுங்கள். சுவை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி அந்த மூச்சில்தான் இருக்கிறது. நுனி நாக்கில் தேன், நடுவில் வாயை நிறைக்கிற உலர்பழங்கள், ஓரத்தில் ஆரஞ்சுத் தோலின் கசப்பு, முடிவில் கிராம்பு. அந்த நடுப்பகுதியின் மென்மைக்கு கிரெய்ன் காரணம். அதை இட்டு நிரப்பும் மலிவான சரக்கு என்று நினைப்பவர்கள் அதன் வேலையைக் கவனித்ததில்லை. தனியே 18 வருட மால்ட்டாக இருந்திருந்தால் மரத்தின் துவர்ப்பு முன்னால் வந்திருக்கும். கிரெய்ன் அதை அகலப்படுத்திவிடுகிறது. விழுங்கியதற்குப் பின் எவ்வளவு நேரம் ருசி நிற்கிறது என்று பாருங்கள். இதில் நீளம் நடுத்தரம்தான். ஒரு நிமிடத்துக்குள் அக்ரூட் தோலின் வறட்சியை மட்டும் விட்டுவிட்டு மங்கிவிடுகிறது. என் ஒரே குறை அது.

அடுத்து தண்ணீர். தண்ணீர் சேர்ப்பதைப் பாவம் என்று நினைக்க வேண்டாம், விஸ்கி கலப்பவர்களே ஆய்வுக் கூடத்தில் தண்ணீர் விட்டுத்தான் முகர்கிறார்கள். கணக்காகச் செய்யுங்கள். இதற்கென்று புதிதாக ஊற்றிய 30 மில்லி விஸ்கிக்கு அரைத் தேக்கரண்டித் தண்ணீர், அதாவது 2.5 மில்லி, விட்டால் 46 சதவீதம் 42.5க்கு இறங்கும். முழுத் தேக்கரண்டி விட்டால் 39.4. எனக்கு அந்த அரைத் தேக்கரண்டிதான் சரியான இடம். உலர்பழம் கொஞ்சம் பின்வாங்கி, பேரிக்காயும் பூவாசமும் எழுந்து வருகின்றன. முழுத் தேக்கரண்டிக்குப் பிறகு மெலிந்துவிடுகிறது. 2017இல் ஸ்வீடனைச் சேர்ந்த இரு ஆய்வாளர்கள் கணினியில் இதை ஆராய்ந்து காட்டினார்கள். தண்ணீர் சேரும்போது சில மண மூலக்கூறுகள் திரவத்தின் மேல்பரப்புக்கு வந்து நிற்கின்றனவாம். சோடா? முதல் மூன்று நான்கு முறை வேண்டாம் என்பேன். பாட்டிலை அறிந்துகொண்ட பிறகு உங்கள் விருப்பம்.

துணைக்கு என்ன சாப்பிடலாம் என்பதில் மட்டும் கண்டிப்பாக இருக்கிறேன். சில்லி சிக்கனும் காரச் சேவும் வேண்டாம். மிளகாய் நாக்கில் எந்த உணர்வு வாயிலைத் தொட்டு எரிச்சல் தருகிறதோ, அதே வாயிலை ஆல்கஹாலும் தூண்டுகிறது. இரண்டும் சேர்ந்தால் எரிச்சல் மட்டும்தான் மிஞ்சும், 18 வருடம் ஊறியது அதில் காணாமல் போய்விடும். அக்ரூட், பேரீச்சம்பழம், கசப்புச் சாக்லேட், உப்பு அதிகமில்லாத வறுத்த முந்திரி. ஷெர்ரி பீப்பாய்க்கு இவை இயல்பாகப் பொருந்தும்.

வாய்ப்புக் கிடைத்தால் பக்கத்தில் இன்னொரு கிளாஸ் வைத்துப் பாருங்கள். தனியாகச் சுவைப்பதைவிட ஒப்பிடும்போது நூறு மடங்கு தெரியும். என் பரிந்துரை புஷ்மில்ஸ் ஆலையின் பிளாக் புஷ். அதுவும் மால்ட்டும் கிரெய்னும் கலந்த பிளெண்டட்தான், மால்ட் விகிதம் மிக அதிகம். ஆனால் அதன் மால்ட்டில் பெரும்பகுதி தொடக்கத்திலிருந்தே ஒலொரோசோ பீப்பாயில் ஊறுகிறது, கடைசியில் மாற்றுவது இல்லை. விலையும் குறைவு. இரண்டையும் மாற்றி மாற்றி முகர்ந்தால் ஒன்று புரியும். பிளாக் புஷ்ஷில் ஷெர்ரியும் விஸ்கியும் பிரிக்க முடியாதபடி ஒன்றாகிவிட்டன, இதில் அடுக்கடுக்காக, ஒன்றன் மேல் ஒன்றாக நிற்கின்றன. எது உயர்ந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அடுக்குகளைத் தனித்தனியே கேட்பது எனக்குப் பிடிக்கும். பாட் ஸ்டில்லின் மேல் ஷெர்ரி ஃபினிஷ் எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்பினால், 2016இல் வந்த ரெட்பிரெஸ்ட் லுஸ்தாவ் எடிஷன். அதுவும் 46 சதவீதம், லுஸ்தாவ் என்ற ஹெரெஸ் ஒயின்காரர்களின் ஒலொரோசோ பீப்பாயில் கடைசி ஒரு வருடம் இருந்தது. அது பிளெண்டட் இல்லை, எண்ணெய்ப் பிசுக்கோடு கனமாக வரும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். ஷெர்ரி பீப்பாய் விஸ்கி சிலவற்றில் தீக்குச்சி அணைத்த வாசமோ ரப்பர் வாசமோ வரும். காலிப் பீப்பாய் கெடாமல் இருக்க உள்ளே கந்தகத் திரி கொளுத்துவது பழைய வழக்கம், அதன் மிச்சம் இது. சிலருடைய மூக்குக்கு அது தெரியவே தெரியாது, எனக்கு உடனே தெரிந்துவிடும். வேறொரு நிறுவனத்தின் லிமிடெட் எடிஷன் ஒன்றை நிறைய விலை கொடுத்து வாங்கி, முதல் முகர்விலேயே மூடி வைத்த அனுபவம் எனக்கு உண்டு. ஹைட் பாட்டில்கள் இரண்டிலும் அந்தக் குறை இல்லை.

பாட்டிலைத் திறந்த அன்று தீர்ப்புச் சொல்ல வேண்டாம். திறந்ததும் கொஞ்சம் இறுக்கமாக, உலர்திராட்சை மட்டும் முன்னால் நிற்பதுபோல இருக்கும். இரண்டு வாரம் கழித்து, தோள்பட்டை அளவுக்கு இறங்கியிருக்கும்போது மறுபடி எடுத்துப் பாருங்கள். என் இரண்டு பாட்டில்களிலும் தேங்காயும் பார்லியும் அப்போதுதான் நன்றாக வந்தன. ஒயின் மாதிரிப் படுக்க வைக்காதீர்கள், இந்த அளவு ஆல்கஹால் தக்கையை அரித்துவிடும். நிமிர்த்தி, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். கால்வாசிக்குக் கீழே இறங்கினால் உள்ளே காற்று அதிகமாகிவிடும், மணம் சில மாதங்களில் தட்டையாகும். அப்போது மிச்சத்தை நன்றாகக் கழுவிக் காயவைத்த சின்னக் கண்ணாடிக் குப்பி ஒன்றில் வாய் வரை நிரப்பி இறுக மூடி வைத்துக்கொள்ளுங்கள். மச்சான் அடுத்த முறை ஊருக்கு வரும்போது, புதிய பாட்டில் ஏதாவது கொண்டுவந்தால், அதற்குப் பக்கத்தில் இதில் 20 மில்லி ஊற்றி இருவருமாக ஒப்பிட்டுப் பார்க்கலாம்.